சாவி ஆணியில் தொங்கிய 52 நாட்கள்

2023 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈரோடு மாவட்டத்து மலை மேல், தாளவாடிப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வேறு வேலை இல்லாததால் வண்டி விவரங்களைக் காட்டும் எம்பரிவாகன் செயலியில் அப்பாவின் கார் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். இன்சூரன்ஸ் சரியாக இருந்தது. புகைச் சான்றும் சரியாக இருந்தது. பதிவு மட்டும் 2021 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டதாகச் சிவப்பில் காட்டியது. நம்பரைத் தப்பாக அடித்துவிட்டேனோ என்று மறுபடியும் போட்டேன். அதே சிவப்பு.

அப்பாவின் கார் 2006-ல் வாங்கிய மாருதி 800. சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடத்துக்குத்தான். அதற்கு அப்புறம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ஐந்தைந்து வருடமாக நீட்டித்துக்கொள்ள வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல, அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அந்த 15-ஆவது வருடம் கொரோனாவில் போய் விழுந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ்கள் பாதி நாள் மூடிக் கிடந்தன. காலாவதியாகும் வண்டிக் காகிதங்கள் எல்லாம் செல்லும் என்று மத்திய அரசு திரும்பத் திரும்பத் தேதியை நீட்டியது. கடைசி நீட்டிப்பு 2021 அக்டோபர் 31-ஓடு முடிந்தது. 'நீட்டிச்சுட்டாங்க' என்ற செய்தி அப்பா காதில் விழுந்தது. அது முடிந்த செய்தி விழவில்லை. இன்சூரன்ஸை வருடா வருடம் நாள் தவறாமல் கட்டினார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புகைச் சான்றும் எடுத்தார். எந்த இடத்திலும், 'ஐயா, உங்க ஆர்.சி. முடிஞ்சுபோச்சு' என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் எங்கள் அப்பா, சட்டத்தின் கண்ணில் பதிவே இல்லாத ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

சொன்னேன். செல்போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தேதியைப் பார்த்தார். கார் சாவி சட்டைப் பையில் இருந்தது. சாயங்காலம் தாளவாடிக்குப் போய் மாட்டுத் தீவனம் வாங்கி வருவதாக இருந்தார். எழுந்து உள்ளே போய், காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கிற ஆணியில் சாவியை மாட்டிவிட்டு வந்தார். "தீவனத்துக்கு நாளைக்கு பஸ்ல போய்க்கறேன்" என்றார்.

"அப்பா, ரெண்டு வருசமா ஓட்டியாச்சு. இன்னும் பத்து நாள் ஓட்டுனா என்னாயிரப் போகுது? இந்தக் காட்டுக்குள்ள யாரு வந்து புடிக்கறாங்க?" என்று கேட்டது நான்தான். கோயமுத்தூரில் வேலை பார்க்கும், படித்த, வருமான வரியைத் தேதி தவறாமல் கட்டும் நான்.

"அப்பத் தெரியாது கண்ணு. இப்பத் தெரிஞ்சுபோச்சல்ல" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. எனக்குள்ளே மட்டும் அது முடியவே இல்லை.

பெயிண்ட் வாசம்

கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறோம், திருச்செங்கோட்டில் இருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை நாடு முழுக்க அனுப்புகிறோம், சங்ககிரியில் வீட்டுக்கொரு லாரிக் கதை இருக்கிறது. டி.என். 28, டி.என். 34 என்று ஆரம்பிக்கும் நம்பர் வடக்கே எங்கோ ஒரு தாபாவில் கண்ணில் பட்டால் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். பெரிய லாரிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அப்புறம் வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். அதனால் அந்த வார்த்தை எங்கள் வீடுகளில் பண்டிகைத் தேதி மாதிரிப் புழங்கும். சொந்தக் காருக்கு 15 வருடம் கழித்துச் செய்யும் பதிவுப் புதுப்பிப்பையும் எஃப்.சி. என்றுதான் சொல்வோம். வந்து பார்க்கிற மோட்டார் வாகன ஆய்வாளர், இன்றைக்கும் எங்கள் வாயில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'தான்.

எங்கள் பெரிய மாமா சங்ககிரியில் இரண்டு லாரி வைத்திருந்தவர். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போது எஃப்.சி. நாள் வந்துவிட்டால் எனக்குக் கொண்டாட்டம். நான்கைந்து நாளைக்கு முன்பே வண்டி பட்டறைக்குப் போய்விடும். டிங்கரிங் அடித்து, பட்டி பார்த்து, புதுப் பெயிண்ட் பூசி, சிவப்பும் வெள்ளையுமாக மின்னும் ஸ்டிக்கர் ஒட்டி, முகப்பில் சந்தனம் வைத்துக் கிளப்புவார்கள். அந்த எனாமல் வாசம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. இன்னொன்றும் நடக்கும். முந்தின நாள் ராத்திரி, சொந்தக்கார லாரி ஒன்றின் நல்ல டயர்களைக் கழற்றி மாமா வண்டியில் மாட்டுவார்கள். எஃப்.சி. முடிந்த அன்று சாயங்காலமே அவை திரும்பிப் போய்விடும். வழுக்கை டயர் பழையபடி ஏறிக்கொள்ளும். ஒரு வருடத்துக்குப் பேப்பர் கரண்ட். அந்த வயதில் எனக்கு அது சாமர்த்தியமாகத்தான் பட்டது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அன்று ராத்திரி அந்த டயர்தான் நினைவுக்கு வந்தது. மாமா லாரியில் பேப்பர் சரி, டயர் தப்பு. அப்பா காரில் டயர் சரி, பேப்பர் தப்பு. அப்பா வண்டி வைத்திருக்கும் விதம் எனக்குத் தெரியும். எத்தனாவது கிலோமீட்டரில் ஆயில் மாற்றினார், எந்த மாதம் பிரேக் ஷூ போட்டார் என்பதெல்லாம் பழைய டைரியில் எழுதி வைத்திருப்பார். அப்படிப்பட்ட மனிதர் ஓட்டுவது எப்படிக் குற்றமாகும்? உண்மையிலேயே ஆபத்தான வண்டி மாமாவுடையதுதானே? பல நாள் இந்தக் கேள்வியையே உருட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கம் நியாயம் இருக்கிறது, சட்டம் அதைக் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் அப்போது என் கட்சி.

மலைக்கு மேலே ஒரு கார்

கீழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் இருக்கும் கஷ்டம் சட்டென்று புரியாது. வண்டியை நேரில் காட்ட வேண்டும். காட்ட வேண்டிய இடம் மலைக்குக் கீழே. நடுவில் திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவுகள். அது புலிகள் காப்பகம். 2022 பிப்ரவரியில் இருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. கார் மாதிரிச் சின்ன வண்டிகளுக்கு இரவு 9 மணியில் இருந்து காலை 6 வரை கட்டுப்பாடு. விலங்குகளுக்காக வந்த அந்தத் தடையை நான் குறை சொல்ல மாட்டேன், அது தேவை. ஆனால் ஆய்வுக்குக் காலையிலேயே போய் நிற்க வேண்டுமென்றால், மேலே இருப்பவர் முந்தின நாளே இறங்கி யார் வீட்டிலாவது தங்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் விடப் பெரிய முடிச்சு ஒன்று இருந்தது. பதிவு முடிந்த வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது. ஆய்வுக்குக் கொண்டுபோனால்தான் பதிவு கிடைக்கும். கொண்டுபோக வேண்டுமென்றால் ரோட்டில் ஓட்ட வேண்டும். காலாவதியாவதற்கு முன்னாலேயே விண்ணப்பித்திருந்தால் இந்த முடிச்சே விழுந்திருக்காது. 60 நாளுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்றுதான் விதி. எங்களுக்கு அந்தக் கதவு மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஆன்லைனில் விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். ஓ.டி.பி. போக வேண்டிய செல்போன் எண் பதிவேட்டில் இல்லை. 2006-ல் யார் செல் நம்பர் கேட்டார்கள்? அதைச் சேர்க்க ஒரு தனி விண்ணப்பம். அதை முடித்தால் அடுத்தது கடன். கார் வாங்கிய வங்கிக் கடனை 2009-லேயே அப்பா அடைத்துவிட்டார். ஆனால் ஆர்.சி.யில் எச்.பி. என்ற கடன் குறிப்பு ரத்தாகாமல் அப்படியே நின்றது. 'அதையும் கேன்சல் பண்ணிக்கிட்டு வந்துருங்க' என்றார்கள். கடன் கொடுத்த வங்கி வேறொரு வங்கியோடு சேர்ந்துவிட்டது, கிளையும் இடம் மாறிவிட்டது. படிவம் 35-ல் கையெழுத்தும் தடையில்லாச் சான்றும் வாங்க மூன்று வாரம் ஆனது. கட்டணம் பார்த்தால், 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்தது இப்போது 5,000. பசுமை வரி தனி. பணத்தைப் பற்றி அப்பா வாய் திறக்கவில்லை. முதலில் கிடைத்த ஆய்வுத் தேதிக்கு முந்தின நாள், சர்வர் கோளாறு, வேறு தேதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று தகவல் வந்தது. அப்போதுதான், "என்ன பண்றதுப்பா, அவங்களும் மனுசங்கதானே" என்று ஒரே ஒரு தடவை பெருமூச்சு விட்டார்.

இந்த நாட்களில் அப்பா எப்படி இருந்தார் என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முழுசாகாது. அவருக்கு 73 வயது. தோட்டத்தில் இருந்து பஸ் ஏறும் இடம் இரண்டு கிலோமீட்டர். காலை பஸ்ஸுக்கு நடந்து போய், மதியம் பஸ்ஸில் வந்து, தீவனமோ மருந்தோ தலையில் துண்டு போட்டுச் சுமந்து திரும்புவார். வெயில் தாழ்ந்தால் யானை நடமாட்டம் இருக்கும் வழி அது. முட்டைக்கோஸ் அறுப்பு நேரத்தில் சொல்லவே வேண்டாம். நாலரை மணியைத் தாண்டினால் அம்மா வாசலிலேயே நிற்பார். நான் கோயமுத்தூரில் இருந்து போன் போட்டு, "இன்னைக்கு வந்துட்டாரா?" என்று கேட்பேன். காரை எடுங்கள் என்று அம்மாவும் ஒரு நாள் சொன்னார். பொங்கலுக்குப் போயிருந்தபோது பட்டிப் பொங்கல் அன்று மாடுகளைக் குளிப்பாட்டிய கையோடு, கொட்டகையில் நின்ற காரையும் கழுவித் துடைத்து, பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட விட்டு நிறுத்தினார். சாவி திரும்ப ஆணிக்குப் போனது.

புரோக்கர் சொன்ன வழி

அப்பா நடக்கிறாரே என்ற வேதனையில் நான் ஒரு காரியம் செய்தேன். நண்பர் கொடுத்த நம்பரில் ஒரு புரோக்கரைக் கூப்பிட்டேன். மலை மேலே இருக்கிறது, கொண்டு வருவது சிரமம் என்று சொல்லி முடிப்பதற்குள், "வண்டி எதுக்குங்க வரணும்? நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க, சேசிஸ் நம்பரைப் பென்சில்ல தேச்சு அனுப்புங்க. மத்ததை நாம் பாத்துக்கலாம்" என்றார். கூடுதலாக எவ்வளவு என்பதையும் சொன்னார். பெரிய தொகையாக எனக்குத் தெரியவில்லை. மனசுக்குள் சரி என்று சொல்லியே விட்டேன்.

சேசிஸ் நம்பரை எடுத்து அனுப்பச் சொல்வதற்காக அப்பாவைக் கூப்பிட்டேன். எதற்கு என்று கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை, சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "வண்டியக் கண்ணுல பாக்காமயே நல்லாயிருக்குதுன்னு எழுதிக் குடுக்கற காயிதம் எனக்கெதுக்கு கண்ணு? அதுக்கு நானே ஒரு காயிதத்துல எழுதி வச்சுக்கலாமே" என்றார்.

அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. யாருக்காக இவ்வளவும் செய்கிறேன் என்ற கோபம். அந்தக் கோபத்தோடுதான் அன்று ராத்திரி, பதிவு முடிந்த வண்டி விபத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று தேடிப் படித்தேன். அப்பா சொல்வது அளவுக்கு மீறியது என்று நிரூபிக்கத்தான் படிக்க ஆரம்பித்தேன். பதிவில்லாத வண்டியை ஓட்டினால் முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம், அது எனக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. ஆனால் 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று கண்ணில் பட்டது. தற்காலிகப் பதிவு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கார் விபத்தில் சிக்கியது. இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தது. ஆனால் பதிவில்லாத வண்டியைப் பொது ரோட்டில் ஓட்டியது பாலிசியின் அடிப்படையையே மீறுவது என்று சொல்லி, வண்டியின் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது என்று முடித்துவிட்டது நீதிமன்றம். இடிபட்ட மூன்றாம் நபர் விஷயத்தில், கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டிக்காரரிடம் இருந்து அதை வசூலித்துக்கொள்ளட்டும் என்று சொல்லும் தீர்ப்புகளும் உண்டு. ஆக, அப்பா வருடா வருடம் தேதி தவறாமல் கட்டிய இன்சூரன்ஸ், ஒரு தப்பு நடந்திருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்காது. இடிபட்டவர் நியாயம் கேட்டுக் கோர்ட்டுக்கு நடையாய் நடந்திருக்க வேண்டும். தோட்டத்தை விற்றுக் கொடுக்க வேண்டிய நிலைகூட எங்களுக்கு வந்திருக்கலாம். மறுநாள் புரோக்கருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னேன்.

முட்டைக்கோஸ் வண்டியில் ஒரு மாருதி

இரண்டாவது ஆய்வுத் தேதி பிப்ரவரி முதல் வாரத்தில் கிடைத்தது. காரை எப்படி இறக்குவது? "காலைல ஆறு மணிக்குச் செக்போஸ்ட் தெறந்ததும் சத்தமில்லாம எறக்கிரலாமுங்க" என்றார் தாளவாடி மெக்கானிக் அண்ணன். 27 வளைவிலும் எதிரே பஸ் வரும், லாரி வரும், பள்ளிக்கூட வேன் வரும் என்று அப்பா தலையாட்டவில்லை. ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டால் கீழே இருந்து மேலே வந்து திரும்ப இறங்குவதற்குக் கேட்ட வாடகை எங்களுக்குக் கட்டுபடியாகவில்லை. கடைசியில் வழி சொன்னது பக்கத்துத் தோட்டத்துக்காரர். மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப் போகும் ஐஷர் வண்டி, அன்றைக்குக் கோஸுக்குப் பதிலாகக் காரை ஏற்றிக்கொள்ளட்டும் என்றார்.

மாருதி 800-க்கு நீளம் பதினோரு அடிதான், எடை கிட்டத்தட்ட 650 கிலோ. தோட்டத்துக்கும் வண்டித் தடத்துக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடு இருக்கிறது. டிராக்டர் சாமான்களை லாரியில் ஏற்றுவதற்குப் பல வருடமாக அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஐஷரைப் பின்னால் எடுத்து மேட்டோடு ஒட்ட வைத்து, இடைவெளியில் இரண்டு தேக்குப் பலகையைப் போட்டார்கள். அப்பா அவ்வளவு மெதுவாக, முதல் கியரில், காரைப் பலகை மேல் ஏற்றினார். பலகை முனகியது. ஒரு சக்கரம் ஏறியதும் டிரைவர் தம்பி, "வாங்க வாங்க, அப்டியே, அப்டியே, போதுமுங்க" என்றார். நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, கோஸ் மூட்டை கட்டும் கயிற்றால் அச்சைச் சேர்த்து இழுத்துக் கட்டினார்கள். கண்ணாடிக்கு வெளியே காய்ந்த கோஸ் இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் நானும் அப்பாவும். ஒவ்வொரு வளைவிலும் அவர் திரும்பிப் பின் ஜன்னல் வழியாகத் தன் காரைப் பார்த்தார். பண்ணாரி வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, அம்மன் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஏறினார்.

அன்று ராத்திரி சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். காலையில் லாரியோடேயே ஆய்வு மைதானத்துக்குப் போய், ஓரத்தில் இருந்த மண் மேட்டில் காரை இறக்கினோம். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். புது பெயிண்ட் அடித்த லாரிகள், பள்ளி வேன்கள், ஒரு ரிக் வண்டி, நடுவில் எங்கள் வெள்ளை மாருதி. அதே எனாமல் வாசம்.

அப்பாவுக்குத் தெரியாத விளக்கு

ஆய்வாளர் முப்பது வயதைத் தாண்டாதவர். பானெட்டைத் திறக்கச் சொன்னார். இன்ஜினுக்குப் பின்னால் தகட்டில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தேன். கறுப்புக்கு நடுவே ஒவ்வொரு எழுத்தாக வெள்ளையில் எழுந்து வந்தது. 17 எழுத்தையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்த்தார். டயர், ஸ்டியரிங் ஆட்டம், ஹேண்ட் பிரேக், ஹாரன், வைப்பர், ஹெட்லைட் எல்லாம் பார்த்தார். அப்பா உட்கார்ந்து அவர் சொன்னதையெல்லாம் செய்தார். "வண்டியை நல்லா வச்சிருக்கீங்க ஐயா" என்றார். அப்பா முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். அப்புறம் ஆய்வாளர் நடந்து வண்டிக்குப் பின்னால் போனார்.

"பிரேக் மிதிங்க."

அப்பா மிதித்தார்.

"மிதிங்க ஐயா."

"மிதிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்."

நான் பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு விளக்கும் எரியவில்லை. அப்பா காலை எடுத்து எடுத்து மிதித்தார், பெடல் சத்தம் எனக்குக் கேட்டது. பின்பக்கம் இருட்டாகவே இருந்தது. எத்தனை மாதமாக இப்படி? யாருக்குத் தெரியும்? அப்பா எப்போதும் தனியாக ஓட்டுகிறவர். ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தன் வண்டியின் பிரேக் லைட் தெரியாது. டைரியில் ஆயில் இருக்கிறது, பிரேக் ஷூ இருக்கிறது, இந்த விளக்கு இல்லை.

ஆய்வாளர் கடிந்துகொள்ளவில்லை. "சரி பண்ணிட்டு வந்து காட்டுங்க, சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்" என்றார். மைதானத்தின் வாசலில் புளிய மரத்தடியில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பெட்டி வைத்திருந்தார். பெடலுக்கு மேலே தலையைக் கொடுத்துப் படுத்து, சுவிட்சுக்குப் போகும் வயரின் நுனியை இழுத்துக் காட்டினார். பச்சைப் பசேலென்று களிம்பு ஏறி, தொட்டதும் உதிர்ந்தது. நுனியை வெட்டி, புது சுவிட்ச் மாட்டினார். இருபது நிமிட வேலை. மறுபடியும் போய்க் காட்டினோம். இரண்டும் சிவந்து எரிந்தன. தாளில் கையெழுத்து விழுந்தது.

அப்பா அந்த மரத்தடியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், கையிலேயே வைத்திருந்தார். "பெடல மிதிச்சா வண்டி நிக்குது, அது எனக்குத் தெரியும். நிக்கறேன்னு பின்னால வர்றவனுக்குத் தெரியாமப் போச்சே" என்றார். அப்புறம் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார். திங்கட்கிழமை சந்தைக்குப் போகும்போது பின்னாலேயே வருகிற பால்காரத் தம்பி, குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு டி.வி.எஸ். 50-ல் வரும் பக்கத்துத் தோட்டத்து மருமகள், பள்ளிக்கூட வேன். யார் யார் பின்னால் வந்திருப்பார்கள் என்று அவருக்கு ஒரு பட்டியலே இருந்தது. நான் பல நாளாக உருட்டிக்கொண்டிருந்த கேள்வி அந்த மரத்தடியில் என் கையில் இருந்து நழுவிவிட்டது. டயர் சரி, பேப்பர் தப்பு என்று நான் பிரித்து வைத்திருந்தேனே, அந்தப் பிரிவே சரியில்லை. அப்பா அளவுக்கு வண்டியைப் பேணுகிறவருக்கும் பின்னால் போய் நின்று பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். புரோக்கர் சொன்னபடி போட்டோ அனுப்பியிருந்தால், அந்த விளக்கு எரியாமலேயே இன்னும் ஐந்து வருடத்துக்குப் பேப்பர் கரண்டாக இருந்திருக்கும்.

அதனால்தான் கேட்கிறேன். தாளவாடி, பர்கூர், கடம்பூர் மாதிரி மலை மேல் இருக்கிறவர்களுக்கு, மாதம் ஒரு நாள் ஓர் ஆய்வாளர் மேலே வந்து ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நின்றால் என்ன? வண்டிகள் எத்தனை பேர் வீட்டில் எங்கள் கார் மாதிரித் தேதி முடிந்து கிடக்கின்றனவோ. அவர்கள் எல்லோரும் சட்டத்தை ஏமாற்றுகிறவர்கள் இல்லை. ஒரு நாள் கூலி, ஒரு நாள் தங்கல், இரண்டு முறை மாறிய தேதி, அதற்கு மேல் முடியாமல் விட்டவர்கள்தான் அதிகம். பதிவு முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு குறுஞ்செய்தி, இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் இடத்தில் ஆர்.சி. தேதியையும் பார்த்து ஒரு வார்த்தை, இவ்வளவு செய்தாலே பாதிப் பேர் தப்பிப்பார்கள். அதே நேரம், அது வரும் வரைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வராது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள். எங்கள் கார் அடுத்த முறை அந்தக் கணக்கில் வந்துவிடும். வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய பணம்தான். கொடுத்து வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்று அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கையெழுத்து விழுந்த அன்றே காரை அவர் மலைக்கு ஏற்றவில்லை. ஆன்லைனில் புதுத் தேதி ஏறட்டும் என்று சொந்தக்காரர் வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்தார். இரண்டு நாள் கழித்து செயலியில் பச்சை வந்தது. சாவி ஆணிக்குப் போன நாளில் இருந்து எண்ணினால் 52-ஆவது நாள். அன்றைக்கு 27 வளைவையும் அவரே ஓட்டி ஏறினார். நான் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அந்த இரண்டு சிவப்பும் எரிந்து எரிந்து அணைந்தன.

கோயமுத்தூர் வந்து சேர்ந்த அன்று ராத்திரி போன் வந்தது. "உன்ற கார்ல பின்னால லைட்டு எரியுதான்னு யாராச்சும் பாத்தாங்களா கண்ணு?" என்று கேட்டார். இல்லை என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு பார்க்கிங்குக்கு இறங்கினேன். வாட்ச்மேன் அண்ணனை எழுப்பி, வண்டிக்குப் பின்னால் போய் நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன்.

"எடது பக்கம் மட்டுந்தானுங்க சார் எரியுது" என்றார்.